எய்தவனா, அம்பா?

(இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவன் எழுதியது)

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்பது நம் நாட்டுப் பழமொழி. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பது அதற்குத் தங்கை. கருவியைப் பழிக்காதே, உன் கையைப் பார் என்றுதான் இரண்டும் சொல்கின்றன. சிறு வயது முதல் இவற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆயினும் சென்ற ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில் ஒரு நாள் மாலை எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்தால் என்ன செய்வது? அம்பே வளைந்திருந்தால் எய்தவன் எங்கே போய் முறையிடுவது? கோணல் கூடத்திலா, ஆடுபவள் காலிலா என்று கண்டுபிடிக்க வழி ஏதும் உண்டா?

அந்த ஐயம் கடைசியில் என்னை ஒரு கைத்துப்பாக்கிக்குத் தேர்வுத்தாள் தயாரிக்கும் வேலையில் கொண்டுபோய் விட்டது. கைத்துப்பாக்கியைத் தொட்டே பார்த்திராத ஒருவன் அதற்குத் தேர்வு வைக்கப் புறப்பட்டான் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் ஊர் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை. சாரல் காலத்தில் குற்றாலத்துக் காற்று எங்கள் தெருவுக்கும் வரும். அருவியைப் பார்க்க வருகிறவர்கள் மட்டும் வரமாட்டார்கள். அப்பா பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் கணக்குக்கு இந்த விவரம் வேண்டியிருக்கிறது.

முகாமில்

பத்து நாள் முகாமில் மாணவர்கள் அனைவரும் எதிர்பார்க்கும் நாள் துப்பாக்கி சுடும் நாள்தான். .22 ரைஃபிள். இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் இலக்குத் தாள். தரையில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்துச் சுட வேண்டும். ஐந்தே தோட்டா. எண்ணிக் கொடுப்பார்கள், சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். இரண்டு நாள் இவ்வாறு சுட்டதில் தேறியவர்களை அடுத்த நிலைப் போட்டிக்கு எடுப்பார்கள்.

முதல் நாள் என் தாளைக் கையில் வாங்கியபோது மனம் வெடித்துவிட்டது. ஐந்து துளைகளும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் கூடியே இருந்தன. ஆனால் ஒன்றுகூடக் கறுப்பு வட்டத்தில் இல்லை. அத்தனையும் கீழே, இடப்பக்கமாக. பக்கத்து விரிப்பில் படுத்துச் சுட்ட என் நண்பனுக்கோ ஐந்தும் வட்டத்துக்குள். "துப்பாக்கி சரியில்லை" என்றேன். "மாப்ளே, ஆடத் தெரியாதவ..." என்று அவன் தொடங்கினான். மீதியைச் சுற்றி நின்றவர்கள் முடித்தார்கள்.

எங்களுக்குப் பயிற்சி அளித்த ஹவில்தார் தாளைப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியம் சொன்னார்: "குண்டுகள் கூடியிருப்பது வேறு, கூடிய இடம் வேறு தம்பி. இரண்டையும் தனித்தனியாகப் பார்."

அன்றிரவு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். போட்டிக்கு எடுக்க மாட்டார்கள் போலிருக்கிறது, எனக்குக் கொடுத்த துப்பாக்கி சரியில்லை என்றேன். அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியாலே? நாளைக்கு ஒரு நாள் சந்தைக்குப் போகல. நான் வந்து அந்த ஆபீசர்ட்ட கேக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்தேன்.

எனக்கு உறக்கம் வரவில்லை. என் சொல்லை நம்பி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒருவர் கிளம்பத் தயாராக இருக்கிறார். அந்தச் சொல் உண்மையா என்பது எனக்கே தெரியாது. முதலாண்டில் துணைப்பாடமான கணிதத்தில் ஒரு தாள் தவறியபோதும் நான் வீட்டில் இதையேதான் சொன்னேன்: "கேள்வித்தாள் சரியில்லை." அன்றும் அப்பா நம்பினார்.

தட்டை மாற்றிப் போடு

புரண்டு படுத்தபோது பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்பில் படித்த நாளில் ஒரு விடுமுறையன்று அப்பாவுடன் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு விவசாயிக்கும் கடைக்காரருக்கும் எடையில் தகராறு. தராசு பொய் சொல்கிறது என்கிறார் ஒருவர். சரக்கு குறைவு என்கிறார் மற்றவர். கூட்டம் கூடிவிட்டது. அப்பா குறுக்கே போய்ச் சொன்னார்: "எதுக்குச் சண்ட? கல்லை அந்தத் தட்டுலயும் சரக்க இந்தத் தட்டுலயும் மாத்திப் போடுங்க. தராசு சொல்லுறது தராசோட பேச்சா, சரக்கோட பேச்சான்னு தெரிஞ்சிரும்."

மாற்றிப் போட்டார்கள். தராசு நேர்மையானதாக இருந்தால் தட்டு மாறினாலும் எடை மாறாது. கோல் ஒரு பக்கம் நீளமாக இருந்தால் முதலில் குறைந்தது இப்போது கூடும். கோணல் எங்கே இருக்கிறது என்பது இரண்டே நிறுவையில் வெளியாகிவிடும். நம் ஆய்வகத்தில் இயற்பியல் தராசைக் கையாளும்போது இதே முறையைச் சொல்லித் தருகிறார்கள். அதைக் கேட்ட அன்று எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. பள்ளிக்கூடமே போகாதவரிடமிருந்து அதை நான் முன்பே கற்றிருந்தேன்.

மறுநாள் காலை ஹவில்தாரிடம் சென்று, "சார், நானும் என் நண்பனும் துப்பாக்கியை மாற்றிக்கொண்டு சுடலாமா?" என்று கேட்டேன். அவர் என் நண்பனைப் பார்த்தார். அவனுக்கு இது நட்டமான பேரம். முதல் நாள் நன்றாகச் சுட்ட துப்பாக்கியை விட்டுவிட்டு, நான் பழிக்கும் துப்பாக்கியை அவன் கையில் எடுக்க வேண்டும். அவனுக்கும் ஐந்து தோட்டாதான். தவறினால் அவன் இடமும் போய்விடும். "போடு மாப்ளே, பாத்துருவோம்" என்றான். இக்கட்டுரையில் எங்காவது வீரம் இருக்கிறதென்றால் அது அந்த மூன்று சொற்களில்தான்.

சுட்டோம். என் துப்பாக்கியில் அவன் சுட்ட ஐந்தும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. ஆனால் கீழே இறங்கவில்லை. அவன் துப்பாக்கியில் நான் சுட்ட ஐந்தும் இடப்பக்கம் போகவில்லை. ஆனால் வட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்தன. இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த ஹவில்தார் சிரித்தார். "இடது துப்பாக்கியுடையது. கீழே போனது உன்னுடையது. விசையை அழுத்தச் சொன்னால் வெடுக்கென்று இழுக்கிறாய்." அந்தத் துப்பாக்கியின் முன்குறியைச் சரிபார்க்க வேண்டும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நண்பன் முதல் நாள் மதிப்பெண்ணின் பலத்தில் தேர்வானான். நான் தேர்வாகவில்லை. அது நியாயமே.

கைத்துப்பாக்கியின் கதை

அன்று மாலை ஹவில்தாரைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், அதிகாரிகள் இடுப்பில் வைத்திருக்கும் பிஸ்டலையும் இப்படித்தான் சோதிப்பார்களா?" அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "ரைஃபிளைத் தேவைப்படும்போது எடுத்துப் படுத்துச் சுடுகிறோம். பிஸ்டல் அப்படியில்லை. அது வருடம் முழுவதும் இடுப்பில் தூங்கும். வியர்வை குடிக்கும், மழை குடிக்கும், ஜீப்பில் இடிபடும். கீழே விழுந்தால் வெடிக்கக் கூடாது. எடுத்த கணத்தில் வெடிக்காமலும் இருக்கக் கூடாது. ரைஃபிளுக்கு வைக்கும் பரீட்சை அதற்குப் போதாது."

அந்தப் பரீட்சை எப்படி இருக்க வேண்டும் என்று அன்றே யோசிக்கத் தொடங்கினேன்.

நம் பகுதியில் பிறந்த எவருக்கும் கைத்துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருபவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை அவர் சுட்டது பிரௌனிங் வகைக் கைத்துப்பாக்கியால். அதே 1911-இல், அதற்குச் சில மாதங்களுக்கு முன், உலகின் மறுபக்கத்தில் அதே ஜான் பிரௌனிங் வடிவமைத்த வேறொரு கைத்துப்பாக்கி கடுமையான ஒரு தேர்வை எழுதிக்கொண்டிருந்தது. அமெரிக்க ராணுவம் இரண்டு நிறுவனங்களின் .45 துப்பாக்கிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒவ்வொன்றிலும் 6,000 தோட்டாக்களைச் சுட்டது. நூறு சுட்டால் சற்று ஆறவிட்டு மறுபடி நூறு. ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய். பிரௌனிங்கின் கோல்ட் துப்பாக்கி ஒருமுறைகூடத் தடைப்படவில்லை. போட்டியாளரான சாவேஜ் 37 முறை தடைப்பட்டது. மார்ச் 29-ஆம் நாள் கோல்ட் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 37 தடை மோசமா என்றால், 6,000-இல் 37 என்பது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனால் எதிரே நின்றது சுழி. ஒரே நிபந்தனையில் இரண்டையும் நிறுத்தியதால்தான் வேறுபாடு தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்திருந்தால் இரண்டுமே நல்ல துப்பாக்கிகள்தாம்.

நான் வகுத்த தேர்வு

முகாமிலிருந்து திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிவப்பு மையால் கேள்விகள் எழுதி எழுதித் திருப்பித் தந்தார். மூன்று முறை திரும்பி வந்த பிறகு அது ஐந்து பகுதிகளாக நின்றது.

முதற்பகுதி துல்லியம். இங்கே கையை விலக்கிவிட வேண்டும். துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் அசையாமல் தாங்கவைத்து, ஒரே பெட்டித் தோட்டாக்களை, ஒரே தூரத்தில் சுட வேண்டும். ஏன் இத்தனை கட்டுப்பாடு? வடிவொத்த முக்கோணங்களை நினைத்துப் பாருங்கள். கைத்துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 15 சென்டிமீட்டர்தான் இருக்கும். முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டருக்கு அப்பால் குண்டு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகிப் படும். குறிகளுக்கிடையே 60 சென்டிமீட்டர் உள்ள ரைஃபிளில் அதே மில்லிமீட்டர் 4 சென்டிமீட்டர்தான் விலக்கும். எனவே கைத்துப்பாக்கியில் கையின் குற்றம் நான்கு மடங்கு பெரிதாகத் தெரியும். கையை விலக்காமல் கருவியைக் குறை சொல்ல முடியாது.

எத்தனை குண்டு சுடுவது? மூன்று சுட்டுவிட்டு, "பார், எவ்வளவு நெருக்கம்!" என்று கூறுவது எளிது. ஊசல் சோதனையில் ஓர் அலைவை அளந்து காலத்தைச் சொன்னால் நம் ஆய்வகத்தில் ஒப்புவார்களா? இருபது அலைவு எண்ணச் சொல்வார்கள். அது போலப் பத்துக் குண்டு வீதம் பல தாள்கள் வேண்டும். மிகத் தூரத்திலுள்ள இரண்டு துளைகளின் இடைவெளியை மட்டும் அளந்தால் மற்ற எட்டுக் குண்டுகளும் வீண். எல்லாத் துளைகளுக்கும் நடுப்புள்ளியைக் கண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றும் உள்ள தூரத்தின் சராசரியை எடுத்தால் பத்தும் சாட்சி சொல்லும்.

இங்கேதான் ஹவில்தார் சொன்னது எனக்குப் புரிந்தது. நடுப்புள்ளி வட்டத்தைவிட்டு விலகியிருப்பது வெர்னியர் அளவியின் சுழிப்பிழை போன்றது. எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும், கண்டுபிடித்தால் திருத்திவிடலாம். குண்டுகள் சிதறிக் கிடப்பது வேறு வகை. அதைத் திருகாணியைத் திருப்பிச் சரிசெய்ய முடியாது. பயிற்சியோ புதுக் குழலோதான் வேண்டும்.

இரண்டாம் பகுதி நம்பகம். தடைப்படாமல் எத்தனை சுட்டால் நம்பலாம்? பேராசிரியர் இதைக் கணக்காகவே போடச் சொன்னார். நூற்றுக்கு ஒருமுறை தடைப்படும் துப்பாக்கி ஒன்று இருக்கிறதென்று வையுங்கள். ஒரு தோட்டா சரியாக வெடிக்க வாய்ப்பு 0.99. ஐம்பது தோட்டாவும் தடையின்றி வெடிக்க 0.99-ஐ ஐம்பது முறை பெருக்க வேண்டும், ஏறத்தாழ 0.6 வரும். அதாவது கெட்ட துப்பாக்கியும் ஐம்பது தோட்டாத் தேர்வில் பெரும்பாலும் தேறிவிடும்! முந்நூறு முறை பெருக்கினால்தான் 0.05-க்கு இறங்குகிறது. எனவே முந்நூறு தோட்டா தடையின்றிச் சுட்ட பிறகே, இது நூற்றுக்கு ஒருமுறைக்கு மேல் தடைப்படாது என்று ஓரளவு உறுதியுடன் சொல்லலாம். "ஒரு பெட்டி சுட்டேன், அருமையாக இருக்கிறது" என்பவர் பேச்சு கணக்கில் நிற்காது.

மூன்றாம் பகுதி பாதுகாப்பு. அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய துப்பாக்கி உற்பத்தியாளர்களின் தர அமைப்பு ஒரு விழுதல் சோதனை வைத்திருக்கிறது. குண்டில்லாத, மருந்துமூடி மட்டும் உள்ள உறையைப் போட்டு, நான்கு அடி உயரத்திலிருந்து, கான்கிரீட்டின்மேல் பரப்பிய ரப்பர் விரிப்பில் ஆறு திசைகளில் விழவிட வேண்டும். வெடிக்கக் கூடாது. நான் இதை அப்படியே எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் ஓரத்தில், "ஏழாவது திசை?" என்று எழுதினார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது ஒரு செய்தி கிடைத்தது. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் தன் புதிய கைத்துப்பாக்கியாக சிக் சாவர் நிறுவனத்தின் பி-320 வகையைத் தேர்ந்தெடுத்தது. அவ்வகையின் பொதுமக்களுக்கான துப்பாக்கி, வழக்கமான விழுதல் தரத்தில் தேறிய ஒன்று. அதே ஆண்டு ஆகஸ்டில், வெளியார் சிலர் அதைப் பின்பக்கம் சாய்வாகத் தரையில் படும்படி போட்டுப் பார்த்தபோது வெடித்தது. வழக்கமான ஆறு திசைகளில் அந்தச் சாய்வு இல்லை. உடனே நிறுவனம் விசை அமைப்பைத் தானாகவே மாற்றித் தர முன்வந்தது. தேர்வு என்பது தான் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை பெறும். கேட்காத கேள்வி தரையில் காத்திருக்கும். ஆகவே என் தாளில் ஆறு திசையோடு சாய்வுகளையும் சேர்த்தேன்.

நான்காம் பகுதியில் கை திரும்பி வருகிறது. ஏனெனில் மணல் மூட்டை யாரையும் காப்பாற்றப் போவதில்லை. உறையிலிருந்து எடுத்து முதற்குண்டு இலக்கில் படும்வரை எவ்வளவு நேரம்? வலக்கை அடிபட்டால் இடக்கையால் முடியுமா? பெரிய கைக்கும் சிறிய கைக்கும், ஆண் காவலருக்கும் பெண் காவலருக்கும் விசை எட்டுகிறதா? விசையின் பாரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எடைக்கல்லைத் தொங்கவிட்டாலே போதும். உலகப் போட்டிகளில் அப்படித்தான் பார்க்கிறார்கள். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். 25 மீட்டர் போட்டியில் 1,000 கிராம். அப்பாவின் எடைக்கல் இங்கேயும் வந்துவிட்டதே என்று எனக்கு மகிழ்ச்சி.

இந்தப் பகுதியில்தான் தட்டை மாற்றும் வேலை. நான்கு துப்பாக்கி, நான்கு பேர். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றையும் சுட வேண்டும். எல்லோரும் ஒரே வரிசையில் சுட்டால் கடைசித் துப்பாக்கிக்குக் களைத்த கை வாய்க்கும். எனவே ஒருவர் முதலாவதாகச் சுட்டதை அடுத்தவர் இரண்டாவதாக, அதற்கடுத்தவர் மூன்றாவதாக என்று வரிசை சுழல வேண்டும். வயலில் ஒரு மூலை வளமாகவும் ஒரு மூலை மெலிந்தும் இருக்கும்போது விதைகளை நியாயமாக ஒப்பிட, ரொனால்டு ஃபிஷர் என்ற அறிஞர் பயன்படுத்திய இலத்தீன் சதுரம் இதுவே. வயலுக்குப் பொருந்தியது களைப்புக்கும் பொருந்துகிறது.

ஐந்தாம் பகுதி ஊர். குளிர்நாட்டில் தேறியது நம் நாட்டில் தேறும் என்பதற்கு உறுதி ஏது? சித்திரை வெயிலில் ஒருவர் இடுப்பில் ஒரு மாதம். குற்றாலச் சாரலில் ஒரு மாதம். எண்ணெய் தொடாமல் வைத்திருந்து, அதன்பின் முதல் நான்கு பகுதிகளையும் மறுபடி நடத்த வேண்டும். அன்றாடம் சுமக்கும் பொருளுக்கு அன்றாடத்தையே தேர்வாக வைப்பதுதான் முறை.

தேர்வு ஏன் வேண்டும்?

இவ்வளவு பாடு எதற்கு, துப்பாக்கியே இல்லாத உலகம் வேண்டாமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டும்தான். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாது, அது நல்லதே. ஆனால் நமக்காகக் காவல் நிற்பவர் இடுப்பில் அது இருக்கத்தான் செய்கிறது. அது விழுந்து வெடித்தால் அருகில் நிற்பது நாம். வெடிக்க வேண்டிய கணத்தில் வெடிக்காவிட்டால் அடிபடுவது அவர். 1986 ஏப்ரல் 11 அன்று மயாமி நகரில் நடந்த மோதலில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகே அவ்வமைப்பு தன் தோட்டாக்களுக்கு ஒழுங்கான பொதுச் சோதனை ஒன்றை வகுத்தது. துக்கத்துக்குப் பின் வரும் தேர்வைவிட முன்னால் வரும் தேர்வு மலிவு.

விளையாட்டிலும் இதன் வலி உண்டு. 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கர் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கைத்துப்பாக்கி பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின. இறுதிச் சுற்றுக்குள் அவரால் நுழைய முடியவில்லை. ஊரெல்லாம் அவர் கையைப் பேசியது. 2024-இல் பாரிசில் அதே கை இரண்டு வெண்கலம் வென்றது. எய்தவன் இருக்க அம்பை நோவது தவறு என்றால், அம்பு ஒடிந்திருக்க எய்தவளை நோவதும் தவறுதானே?

எங்கள் வீட்டில் இதன் வலி வேறு வடிவில் உண்டு. அம்மா பீடி இலையைத் தகடு வைத்து ஒரே அளவாக வெட்டுவார். ஆனால் சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கழிவு பார்ப்பதற்கு எந்தத் தகடும் கிடையாது. பார்ப்பவர் மனநிலைதான் தகடு. ஒரு நாள் ஒரு கைப்பிடி கழியும். மறுநாள் அதே கை, அதே இலை, மூன்று கைப்பிடி கழியும். "இன்னைக்கி அவருக்கு வீட்ல சண்ட போலிருக்கு" என்று அம்மா சிரிப்பார். கழிந்த பீடிக்குக் கூலி இல்லை. எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் தேர்வு ஏழைக்கு எதிரி என்று சிலர் பேசக் கேட்டிருக்கிறேன். தேர்வே இல்லாமல் முகம் பார்த்துக் கழிப்பதுதான் எங்களுக்கு எதிரி. அளவுகோல் ஒன்று இருந்தால், அது கோணல் என்றாவது எடுத்துக் காட்டலாம். அளவுகோலே இல்லாத இடத்தில் எதைக் காட்டுவது?

முடிவாக

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று இரண்டு இலக்குத் தாள்களையும் அப்பா முன் விரித்தேன். ஹவில்தாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். தட்டை மாற்றிப் போட்ட கதையைச் சொன்னேன். அப்பா தாள்களை நெடுநேரம் பார்த்தார். "அப்போ பாதி துப்பாக்கி, பாதி நீ" என்றார். ஆம் என்றேன். "அன்னைக்கு முழுசும் துப்பாக்கின்னியே லே?" என்றார். நான் தலைகுனிந்தேன். அவர் திட்டவில்லை. "நான் வந்து சண்ட போட்டிருந்தா பாதி நியாயத்துக்குத்தான் போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட எழுந்தார்.

அன்றிரவு கணிதத் தாளையும் தட்டு மாற்றிப் பார்த்தேன். பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் கேள்வியைப் படிக்க நேர்ந்தது உண்மையான கோணல். அது இடப்பக்கம். ஆனால் என்னோடு அதே பள்ளியில் அதே தமிழ் வழியில் படித்த இன்னொருவன் அதே தாளில் தேறியிருக்கிறான். கோணல் இருவருக்கும் ஒன்று. கீழே இறங்கியது என் தாள் மட்டும்தான். இடத்தைத் திருத்த, ஆங்கில வழிச் சொற்களை எளிமையாக விளக்கும் வகுப்பு ஒன்று வேண்டும் என்று துறையில் கேட்டிருக்கிறோம்; பேராசிரியர்கள் மாலை நேரத்தில் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கீழே இறங்குவதைத் திருத்தும் வேலை என்னுடையது. நாள்தோறும் பத்துக் கணக்கு, வெடுக்கென்று இழுக்காமல், நிதானமாக.

வரும் முகாமில் மீண்டும் சுடுவேன். எந்தத் துப்பாக்கி கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். இடப்பக்கம் போனால் ஹவில்தாரிடம் சொல்வேன். கீழே போனால் வாயை மூடிக்கொள்வேன். அன்று வீட்டுக்குப் பேசும்போது இரண்டையும் பிரித்தே அப்பாவிடம் சொல்வதாக உறுதி எடுத்திருக்கிறேன்.

என் நோட்டுப் புத்தகம் துறை நூலகத்தில் இருக்கிறது. என் தேர்வுத்தாளில் நான் கேட்க மறந்த கேள்விகள் இருக்கும். நண்பர்களும் ஆசிரியப் பெருமக்களும் அதை எடுத்துப் பார்த்து, ஏழாவது திசை எங்கே இருக்கிறதென்று சிவப்பு மையால் எழுதித் தர வேண்டுகிறேன்.